பாறசாலைப் பக்கம் நான் காலமான கதை

தென்னை மரம் பார்ப்பதற்காக மலேசியாவின் ஈப்போவிலிருந்து கேரளத்துக்குப் போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குளிர் தேசத்துக்காரன் போனால் அதில் நியாயம் உண்டு. எங்கள் வீட்டு வாசலில் தென்னை, கொல்லையில் வாழை, வருடத்தில் பாதி நாள் மழை. விமானம் ஏறிப் போய் இறங்கினால் அங்கேயும் வாசலில் தென்னை, கொல்லையில் வாழை, மழை.

"இதைப் பாக்கவா லீவு போட்டோம்?" என்று என் மனைவி தனம் கேட்டாள்.

"அங்க தேங்கா தலையில விழுந்தா மலாய்ல கத்தணும். இங்க தமிழ்லயே கத்தலாம்" என்றேன். தனம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விடுமுறை எங்கள் மகள் கவிதாவின் அன்பளிப்பு. அவள் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் வேடிக்கைப் பேச்சுக்கு இருந்த ஒரே ரசிகை அவள்தான். அவள் போனதும் மண்டபத்தில் மிச்சம் ஒரே ஆள், அதுவும் இருபத்தைந்து வருடமாக அதே நாடகத்தைப் பார்த்துச் சலித்த ஆள். நாடகக்காரனுக்கு இது தெரியாமல் போவதுதான் வழக்கம்.

கோயில்கள், கன்னியாகுமரி, சூரியன் உதித்தது, சூரியன் மறைந்தது எல்லாவற்றையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் கடைசி நாட்களை மட்டும் எழுதுகிறேன். அவை பொழியூரில் கழிந்தன. கேரளத்தின் தெற்கு விளிம்பில் ஒரு மீனவக் கிராமம். கடலைப் பார்த்தபடி எங்கள் விடுதி. தெருவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் நீரோடி, அது தமிழ்நாடு. நடுவில் ஒரு மாநில எல்லை இருப்பது அங்கே திரிகிற ஆடு கோழிகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

முதலில் பூவாரில் படகில் போனோம். நெய்யாறு கடலைத் தொடப்போகிற இடம். இரண்டு கரையிலும் தாழம்புதர், மேலே மீன்கொத்தி. எதிரே ஒரு நீண்ட மணல்திட்டு, அதற்கு அப்பால் கடல் கத்திக்கொண்டிருந்தது.

"இதாக்கும் பொழி" என்றார் படகுக்காரர். "இப்பம் அடஞ்சு கெடக்கு. மழை பிடிச்சு வெள்ளம் ஏறினா ஊருக்காரங்க கூடி மண்ணை வெட்டி விடுவோம். ஒரே பாய்ச்சலாக்கும். அப்பம் வந்து பாக்கணும் சாரே."

அப்போதுதான் தனம் சொன்னாள். "ஊருக்குப் போனதும் நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"போயிட்டு வா. நானும் ஒரு வாரம் நிம்மதியா கடையில ரொட்டி சானாய் தின்னு பாக்கறேன்."

"போயிட்டு வரல. போறேன்."

நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அவள் சொன்னது எனக்குள் இறங்கியது. அதற்குள் பல் வெளியே வந்துவிட்டது, உள்ளே இழுக்க முடியவில்லை.

"இருபத்தஞ்சு வருஷத்துல நான் கேட்ட ஒரு கேள்விக்காவது பதில் சொல்லியிருக்கீங்களா? டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டா ஒரு சிரிப்பு. கவிதாவுக்கு இந்த மாப்பிள்ளை சரியா வருமான்னு கேட்டா ஒரு சிரிப்பு. இப்பக்கூடப் பாருங்க, சிரிக்கிறீங்க."

படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுத் தாழம்புதரை மிகவும் அக்கறையாகப் பார்த்தார். எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். அவரிடம், "இந்த ஆத்துல முதலை உண்டா?" என்று கேட்டேன்.

"இல்லியே சாரே."

"அப்ப குதிச்சும் பிரயோசனம் இல்ல."

படகுக்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். "பாத்தீங்களா" என்றாள் தனம்.

அன்று மத்தியானம் விடுதியில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். எங்கள் ஊரில் மரவள்ளி என்றால் ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சச் சாப்பாடு. அரிசி கிடைக்காமல் அதையே தின்று பிழைத்த என் அம்மா, சண்டை முடிந்த பிறகு சாகும் வரை அதை வீட்டுக்குள் விடவில்லை. இங்கே அதை வேகவைத்து, தேங்காயும் மிளகாயும் அரைத்துச் சேர்த்து, விருந்தாளிக்கு முதல் மரியாதையாக வைக்கிறார்கள். சமையல்காரத் தங்கம்மை இடுப்பில் கை வைத்து நின்று எங்கள் இலைகளை மேற்பார்த்தாள்.

"சார் என்ன, கோழி கொத்துத மாதிரி தின்னுதாரு? அம்மையப் பாருங்க, அதாக்கும் தீனி."

தனம் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள். கோபத்தில் இருக்கிறவளுக்குச் சோறு இறங்காது, எனக்குத் தெரியும். முடிவெடுத்து முடித்தவர்களுக்குத்தான் இப்படிப் பசிக்கும்.

தங்கம்மை ஜன்னல் வழியே கையைக் காட்டினாள். "போன மழைக்கு கடல் இந்த மதில் வரைக்கும் வந்துது கேட்டியளா. அந்தால நின்ன நாலு வீடு போச்சு. அடுத்த வருசம் நீங்க ரெண்டுபேரும் வரும்பம் இந்த ரூம் இரிக்குமோ என்னமோ."

"ரூம் இருக்கும்" என்றாள் தனம்.

மறுநாள் பாலராமபுரம் போகலாம் என்று நானே சொன்னேன். சேலை வாங்கிக் கொடுத்துப் பெண்டாட்டியைத் திருப்புவது என்பது உலகத்தில் என்னைப் போன்ற சோம்பேறிகள் எல்லோரும் நம்பியிருக்கிற வழி. நெசவாளர் தெருவில் பாவு நீட்டி வைத்திருந்தார்கள், வெள்ளை நூல் அந்தக் கோடி வரைக்கும். கடையில் பால் நிறத்துச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டார்கள். தனம் கவிதாவுக்கு ஒன்று எடுத்தாள், அக்காவுக்கு ஒன்று எடுத்தாள்.

"உனக்கு?"

"எனக்கு எதுக்கு? கட்டிக்கிட்டு யாரோட எங்க போறது?"

இதற்குச் சரியான பதில் ஒன்று இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் என்ன செய்தேன் என்றால், கசவு என்கிற சரிகைக்கரை போட்ட ஒரு சேலையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, "அப்ப நான் கட்டிக்கறேன், எடுப்பா இருக்கா?" என்றேன். கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரர், "சாருக்கு நல்லா சேருது கேட்டேளா" என்று எடுத்துக்கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் தனம் வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஊர்ப் பேருந்தில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். நான் பின்னால் நின்றுகொண்டு பக்கத்து ஆளுக்கு மலேசியாவில் நாற்றம் பிடித்த டுரியான் பழம் விமானத்தில் ஏறிய கதையைச் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. முன்னால் நின்றவர்களும் திரும்பிக் கேட்டார்கள். கதை முடியும்போது பாறசாலை வந்திருந்தது. இறங்கிப் பார்த்தால் தனம் இல்லை. அவள் முன்னமே நெய்யாற்றின்கரையில் இறங்கிவிட்டாள் என்றார் நடத்துனர்.

அடுத்த பேருந்தைப் பிடித்துத் திரும்பி ஓடினேன். நெய்யாற்றின்கரை நிலையத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி கடித்த பழம்பொரி. பக்கத்தில் காலி மீன்சட்டியோடு ஒரு அம்மாள். இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தனம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம். சிரிப்பு என் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன்.

கிட்டப் போனதும் மீன்காரம்மா, "இதாரு?" என்றாள்.

"வீட்டுக்காரர்."

"ஓ. நீங்க சொன்ன ஆளா?"

இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

"எறங்கறேன்னு கூப்பிட்டேன்" என்றாள் தனம். "நீங்க யாருக்கோ கதை சொல்லிக்கிட்டிருந்தீங்க. டீ குடிக்கணும்போல இருந்துச்சு. எறங்கிட்டேன். எறங்கறது சுலபமாத்தான் இருக்கு."

கடைசிச் சாயங்காலம் வந்தது. சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. 'போகாதே.' குளியலறைக் கண்ணாடியில் பார்த்து ஒத்திகை எல்லாம் செய்துவிட்டுத்தான் கடற்கரைக்குப் போனேன். கடலரிப்புக்குப் போட்டிருந்த கருங்கல் மேல் தனம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், தொண்டையைச் செருமினேன், வாயைத் திறந்தேன். "உங்க அக்கா வீட்டு நாய்க்கு உன்னப் பிடிக்காதே" என்று வந்தது.

தனம் கடலையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு ஜீப் ஒலிபெருக்கியில் மலையாளத்தில் அலறிக்கொண்டு போனது. ஏதோ லாட்டரிச் சீட்டு என்று நினைத்தேன். ஜீப்பில் இருந்தவர்களுக்குக் கை ஆட்டினேன். அவர்கள் கொஞ்சம் குழம்பிப் போய்த் திருப்பி ஆட்டினார்கள்.

அது லாட்டரி இல்லை என்பது காலையில் தெரிந்தது. தங்கம்மை வரவில்லை, பால் வரவில்லை, சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. எங்களுக்கு வாடகைக் கார் ஓட்டிய வில்சன் நடந்தே வந்தார்.

"சாரே, இன்னைக்கு பந்த் ஆக்கும். நேத்து ஜீப்புல கெடந்து அலறினானுவளே, கேக்கலியா?"

"கேட்டேன். கைகூட ஆட்டினேன்."

"கொள்ளாம்" என்றார் வில்சன். "கேரளம் முழுக்க ஒரு வண்டி ஓடாது. கடை தொறக்காது. உங்க விமானம் இன்னைக்கு வைகிட்டுதானே?"

விமானம் அன்று சாயங்காலம்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் குதித்தது. இன்னும் ஒரு நாள் கிடைத்தால் கண்ணாடி முன்னால் இன்னொரு தரம் ஒத்திகை பார்க்கலாம்.

"இன்னிக்கே போகணும்" என்றாள் தனம். "என்ன வழின்னு சொல்லுங்க தம்பி."

"மொதல்ல காப்பிகுடி. பிறவு வழி."

தங்கம்மை எங்கே என்று கேட்டேன். நீரோடியில் இருப்பாள் என்றார் வில்சன். பந்த் என்றால் பொழியூர்க்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு தமிழ்நாட்டிலாம். போய்ப் பார்த்தால் உண்மைதான், எல்லைக்கு அந்தப் பக்கத்து டீக்கடையில் பொழியூர் முழுவதும் உட்கார்ந்திருந்தது. தங்கம்மை எங்களைப் பார்த்து ஆப்பத்தை உயர்த்திக் காட்டினாள். மூலையில் கொடிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஐந்தாறு பேர் பரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

"பந்த் நடத்துதவனுவளாக்கும்" என்றார் வில்சன். "வயிறு நெறஞ்சாத்தானே போய் மறிக்க முடியும்?"

மலேசியாவில் இப்படி ஒரு வசதி கிடையாது. பசி எடுத்தால் நடந்து போய்ச் சாப்பிட எங்கள் வீட்டுப் பக்கத்தில் மாநில எல்லை இல்லை.

டிக்கெட்டைக் காட்டினால் காரை விடமாட்டார்களா என்று கேட்டேன்.

"போன பந்துக்கு ஒரு துபாய்க்காரன் காட்டினான். நாலு டயரிலயும் காத்தை எறக்கிட்டு, 'நடந்தா நேரத்துக்கு எத்தலாம் மச்சான்'னு சொல்லி அனுப்பினானுவ. டிக்கெட்டு ஒண்ணும் இஞ்ச செல்லாது சாரே." வில்சன் குரலைத் தாழ்த்தினார். "மூணு வண்டிய மறிக்கமாட்டான். கல்யாணம், ஆஸ்பத்திரி, மரிப்பு. மூணுக்கும் எனக்க கையில போர்டு உண்டு. கல்யாணம்னா பூ வேணும், ஆள் வேணும், சிரிக்கணும். ஆஸ்பத்திரின்னா எங்க புண்ணு, எங்க ரத்தம்னு நோக்குவான். மரிப்பாக்கும் சுகம். ஒருத்தனும் சோதிக்கமாட்டான்."

எனக்குக் கல்யாணம் பிடித்திருந்தது. சொல்வதற்குள் தனம் முந்திக்கொண்டாள். "சாவே இருக்கட்டும். எங்க ரெண்டுபேர் மூஞ்சிக்கும் அதுதான் ஒட்டும்."

வில்சன் 'மரிப்பு' போர்டை முன்கண்ணாடியில் சாய்த்துவிட்டு, ஒரு பழைய குடைத்துணியைக் கிழித்து அம்பாசிடரின் முன்னால் கறுப்புக்கொடியாகக் கட்டினார். பெட்டிகள் பின்பக்கம் மறைந்தன. நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் மட்டும் இடமில்லாமல் தனத்தின் மடியில், முந்தானைக்கு அடியில் போனது. திருவனந்தபுரத்தில் தனத்தின் பெரியப்பா ஒருவர் இறந்துவிட்டார் என்று பேசி வைத்துக்கொண்டோம். இல்லாத பெரியப்பா என்பதால் எங்களுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

பாறசாலையில் பெரிய சாலை ஏறியதும் முதல் மறியல். குறுக்கே ஒரு தென்னந்தடி. முப்பது பேர் இருப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய நரைத்த தலை ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஆராக்கும் மரிச்சது?"

வில்சன் வாயைத் திறந்தார். என் பக்கத்திலிருந்து தனத்தின் குரல் வந்தது.

"என் வீட்டுக்காரர்."

வில்சன் திறந்த வாயை மூடவில்லை. நான் தனத்தைப் பார்த்தேன். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ" என்றார் அந்த மனிதர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "எங்ஙன அக்கா?"

"மலேசியாவிலேர்ந்து சுத்திப் பாக்க வந்தோம். வந்த எடத்துல. ஆஸ்பத்திரியில இருக்கு. வாங்கப் போறோம்."

"இது?"

"அவரோட தம்பி."

நான் தலையை ஆட்டினேன். என் அண்ணனுக்கு என்னைவிட நான்கைந்து வயதாவது கூட இருக்கும் என்று முகத்தை வைத்துக்கொண்டேன்.

"என்னதாக்கும் அவருக்கு அசுகம்?"

"அசுகம் ஒண்ணுமில்ல" என்றாள் தனம். "பேசிக்கிட்டே இருப்பார். நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒருநாள் எனக்கு எதுவும் கேக்கல."

அந்த மனிதர் ஜன்னல் வழியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். உழைத்த கை, சொரசொரவென்று இருந்தது. "மனசை விடாதீங்க தம்பி" என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"எலே, தடியை மாத்துங்கலே! சசி, நீ கூடப் போ. ஒருத்தனும் மறிக்காம ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டு விட்டுட்டு வா."

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சாவு வண்டிக்குத் துணை அனுப்புவது அங்கே மறியல்காரர்களின் மரியாதையாம். பெரிய மீசையும் சின்ன ஸ்கூட்டருமாக சசி எங்களுக்கு முன்னால் கிளம்பினார். எங்களுக்கு விமான நிலையம் போக வேண்டும். சசி எங்களைப் பிணவறைக்கு அழைத்துப் போனார்.

ஒவ்வொரு மறியலிலும் சசி இறங்கிப்போய் என் சாவைச் சொன்னார். மலையாளத்தில் சொன்னதை வில்சன் உதடு அசையாமல் எனக்குத் தமிழில் சொன்னார்.

நெய்யாற்றின்கரையில்: "'இந்த அம்மைக்க மாப்பிளை மரிச்சு, பாவம், வழி விடுங்க'ங்கான்."

அடுத்த மறியலில்: "'நம்ம நாட்டைப் பாக்கணும்னு கடல் கடந்து ஆசையா வந்த மனுஷனாக்கும்'ங்கான்."

அதற்கும் அடுத்ததில் கூட்டம் துண்டைக் கழற்றி நின்றது. "என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"நீங்க இஞ்ச உள்ள பாவப்பட்டவங்களுக்கு ஸ்கூல் கட்டித்தர வந்ததாட்டு சொல்லுதான்."

"நானா?"

"மிண்டாதீங்க சாரே. நீங்க தம்பியாக்கும்."

பாலராமபுரம் வருவதற்குள் நான் ரொம்ப நல்லவனாகிவிட்டேன். உயிரோடு இருந்தபோது எனக்கு இவ்வளவு பேர் எழுந்து நின்றதில்லை. இதைத் தனத்திடம் சொல்லலாம் என்று திரும்பினேன்.

அங்கே சாலையோர வீட்டிலிருந்து ஒரு அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தனத்தின் பக்கம் நீட்டினாள். "கொஞ்சம் வெள்ளம் குடிக்கணும் மக்கா. காலத்தேருந்து ஒண்ணும் குடிச்சிருக்கமாட்டிய." இரண்டு ஆப்பம் தின்றிருந்த தனம் வாங்கிக் குடித்தாள். "நல்ல மனுசனா இருந்தாரா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"இருந்தார்" என்றாள் தனம். "நான் சமைச்சதை ஒருநாள் குறை சொன்னதில்ல. ராத்திரி எனக்கு மூச்சு முட்டி எழுந்தா அவரும் எழுந்து உக்காந்துடுவார். எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வச்சுட்டுத்தான் படுப்பார். மொதல்ல எல்லாம் நான் சிரிப்பேன்." குரல் உடைந்தது. "என்னான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அந்த அம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தனத்தின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கார் நகர்ந்த பிறகும் தனம் அழுதாள். "நல்லா நடிக்கிற" என்று மெல்லச் சொன்னேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். தனத்துக்கு நடிக்கத் தெரியாது. கவிதாவின் கல்யாணத்தில் எல்லோரும் அழுதபோதுகூட அவள் அழவில்லை, பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். இப்போது தோள் குலுங்க, வாயைத் திறந்து, வீட்டில் சாவு விழுந்தவள் அழுகிற அழுகை. மடியில் நேந்திரங்காய் வறுவல் நொறுங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். அவள் கையைப் பிடிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கணவனாக இருந்தால் பிடித்திருக்கலாம்.

வில்சன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் சசி ஸ்கூட்டரை நிறுத்தினார். நாங்களும் இறங்கவேண்டியதாயிற்று. அவர் தனத்தின் முன்னால் கைகூப்பினார். பிறகு என்னைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். எனக்காக மலையாளத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேசினார்.

"அண்ணன் போனாரு, அது போட்டு. அண்ணியைத் தனிச்சு விட்டிரப்பிடாது கேட்டியளா. ஊருக்குப் போனா ஆளும் பேரும் நாலு நாளைக்கு வருவினும். பிறவு ஒருத்தரும் வரமாட்டினும். நீங்க பாத்துக்கிடணும்."

"பாத்துக்கறேன்" என்றேன்.

"சத்தியமாட்டு?"

"சத்தியமா."

ஒரு கேள்விக்கு நேராக ஒரு பதில். அதையும் என் தம்பிதான் சொன்னான்.

சசியின் ஸ்கூட்டர் மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றோம். உள்ளேயிருந்து நிஜமாகவே யாரோ அழுகிற சத்தம் கேட்டது. வில்சன் கறுப்புத்துணியை அவிழ்க்கவில்லை, இன்னும் இரண்டு மூன்று முக்கு தாண்ட வேண்டும் என்றார். மறுபடி ஏறி உட்கார்ந்தோம். விமான நிலையம் அங்கிருந்து தூரமில்லை.

தனம் முகத்தை முந்தானையால் துடைத்து, மூக்கைச் சிந்தி, தலைமுடியைச் சரிசெய்தாள். நெடுநேரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்போல முகம் தெளிந்திருந்தது. கண்ணாடி தேவைப்படவில்லை, ஒத்திகை தேவைப்படவில்லை. அந்த வார்த்தை தானாக வந்தது.

"தனம், அக்கா வீட்டுக்குப் போகாத. நீ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் துளிகூட இல்லை. என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டாள்.

"இப்பத்தான் அழுது முடிச்சேன்" என்றாள். "மறுபடி மொதல்லேர்ந்து என்னால முடியாதுங்க."

மலேசியாவில், சுபாங் விமான நிலையத்துக்குத் தனத்தின் அக்கா வந்திருந்தாள். தனத்தின் பெட்டியை நானே தூக்கி அவர்கள் காரில் வைத்தேன். "பயணமெல்லாம் எப்படி மணியம்?" என்று அக்கா கேட்டாள். கேட்டுவிட்டு, என் வாயிலிருந்து வரப்போவதற்காக முன்கூட்டியே சிரிக்கத் தயாரானாள்.

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வேறு எதுவும் வராததைப் பார்த்ததும் அவள் முகத்தில் கிலி ஏறியது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே தனத்தின் பக்கம் சாய்ந்து எதையோ கேட்டாள். தனம் பதில் சொன்னாள். ஒரு வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும், உதடு அவ்வளவுதான் அசைந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.